நாளைத் தேதி போட்ட செய்தி

என் ஓரகத்தியின் அப்பா காலமான அன்று காலையில்தான் அந்தப் பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது. வீடு கொள்ளாத ஆட்கள். அடுப்பில் பால் பொங்கி வருகிறது, யார் இறக்குவது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரகத்தியின் மூத்த அண்ணன், இரும்புக் கடைக்காரர், மாடிப்படியில் நின்றுகொண்டு ஃபோனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"போட முடியாதுன்னா என்னங்க அர்த்தம்? செத்தது எங்க அப்பா. போடச் சொல்றது நான்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, ஃபோனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"என்னண்ணே?" என்று கேட்டாள் ஓரகத்தி.

"சொல்லியாச்சா ஒத்துக்க மாட்டேங்குது. சின்னவனுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேக்குது. அவன் கப்பல்ல இருக்கான், லைன் கிடைக்கலைன்னேன். அப்ப கிடைக்கட்டும், பொறுத்துப் போடலாங்குது."

"யாருண்ணே அது சொல்லியாச்சா?"

"ஊருக்கெல்லாம் சாவுச் செய்தி போடற அம்மா. பேருதான் சொல்லியாச்சா. யாரையும் சொல்லவே விடாது."

துக்க வீட்டில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். சாயங்காலம் கப்பலுக்கு லைன் கிடைத்தது. அண்ணன் வாயால் தம்பிக்குச் சொன்ன பிறகுதான் செய்தி வெளியே போயிற்று.

பின்னால் விசாரித்துப் பார்த்தால் அவள் வேற்றாளும் இல்லை. ஓரகத்தியின் சித்தப்பா மருமகளுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த வழியில்தான் மற்றதெல்லாம் தெரிய வந்தது.

அவள் முதலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். வாடகை ஒப்பந்தம், வேலைக்கு மனு, திருமணப் பத்திரிகை, இறப்பு நோட்டீஸ் எல்லாம் அடிப்பாள். மற்ற வேலைக்கு வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். நோட்டீஸுக்கு வருகிறவர்கள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் யாருக்கு என்ன உறவு, யார் பெயர் முன்னால் வரவேண்டும், பேசாமல் இருக்கும் மருமகன் பெயரைப் போடலாமா கூடாதா என்று பக்குவமாகக் கேட்டு வாங்க அவளுக்குக் கை வந்தது. எந்த வீட்டில் எந்தச் சித்தி விட்டுப்போனாள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சா?" என்று கேட்கும் வழக்கம் அவளுடைய அப்பா இறந்ததிலிருந்து வந்தது. அன்று அவள் தையற்கடையில் அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள். டேப்பைத் தோளில் வைத்த தையற்காரர், "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்கம்மா?" என்றார். எதை எடுக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை, இவளுக்கு ஏன் விளங்கவில்லை என்று. அவர் கடைச் சுவரில் அவளுடைய அப்பாவின் நோட்டீஸை அப்போதுதான் யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதற்கப்புறம் அவள் யாருக்கும் நோட்டீஸ் அடித்துவிட்டுச் சும்மா கொடுத்ததில்லை. சொந்தத்தில் யாருக்காவது இன்னும் சொல்ல வேண்டியது இருந்தால், சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பாள். "அவங்க மனுஷங்க வாயால கேக்கணும். சுவத்துல படிக்கக் கூடாது." கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கூட்டம் அவளிடம்தான் வந்தது.

கடையை மூடி அந்த இடத்தில் செல்ஃபோன் கடை வந்தபோது, அவள் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீடென்றால் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே வார்னிஷ் காயும் வாசனை மேலே ஏறி வந்து துணிமணியில் ஒட்டிக்கொள்ளும். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து முழங்கால் தேய்ந்து வீட்டோடு வந்தவர். பிள்ளை கிடையாது. வெப்சைட் ஆரம்பித்துக் கொடுத்தவன் கொழுந்தன்.

இந்தக் கொழுந்தனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பத்தைந்து வயது, கட்டைப் பிரம்மச்சாரி, விளம்பரம் பிடிக்கிறவன். தியேட்டரில் ஸ்லைடு, காலண்டரின் அடிப்பகுதி, பஸ்ஸின் முதுகு, சுவர் என்று எதுவும் விற்பான். "இவன் முதுகுல எழுதிக்கிறோம்னு யாராவது கேட்டா உடனே சட்டையைக் கழட்டிடுவான்" என்பார் அவன் அண்ணன், அவளுடைய புருஷன். கெட்டவன் இல்லை. அண்ணியிடம் அவனுக்கு உயிர்.

அவன்தான் ஒருநாள் ஃபீட் என்று ஒன்றைக் கொண்டுவந்தான்.

"அண்ணி, நீங்க ஒரு இடத்துல எழுதினா போதும். கேட்டு வாங்கிக்கிட்ட எல்லா வெப்சைட்டுலயும் தானா போய் விழும். ஊர்ச் செய்தி சைட்டு, சங்கத்து சைட்டு, வெளியூர்க்காரங்க சைட்டு, ஃபோன்ல இருக்கிற ஆப்பு, எல்லாத்துலயும். மாடித் தொட்டியில தண்ணி ஏத்தினா எல்லா வீட்டுக் குழாய்லயும் வருதில்ல, அந்த மாதிரி."

"தண்ணி வரிய யாருடா கட்றது?" என்றார் அண்ணன்.

"அதைத்தாண்ணே கண்டுபிடிக்கணும்."

அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்கள் மூன்று பேரும் வருஷக்கணக்காக முட்டி மோதினார்கள்.

ஆரம்பத்தில் செய்தி முழுதாகவே போயிற்று. எடுத்துக்கொண்ட சைட்டுக்காரர்கள் அதைச் சுற்றிலும் தங்கள் விளம்பரத்தைக் கட்டி நல்ல வருமானம் பார்த்தார்கள். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அழுகையோடு அழுகையாகப் பெயர் கேட்டு எழுதியவளுக்கு ஒன்றும் வரவில்லை. "நம்ம வீட்டு விளக்குல அடுத்த வீட்டுக்காரன் கடை நடத்துறான் அண்ணி" என்று கொதித்தான் கொழுந்தன். முதல் ஒரு வரி மட்டும் ஃபீடில் போகட்டும், மீதியைப் படிக்க நம்முடைய பக்கத்துக்கு வரட்டும், அங்கே நாம் விளம்பரம் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினான்.

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் ஃபோன் செய்தார்.

"ஏம்மா, 'நேற்று மாலை ஓய்வுபெற்ற ஆசிரியர்' அப்படின்னு வந்து நிக்குது. எந்த ஆசிரியர்?"

"கீழ ஒரு பட்டன் இருக்கும் ஐயா, அதை அழுத்தினா..."

"பட்டனெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எனக்கு நாலு ஆசிரியரைத் தெரியும். நாலு வீட்டுக்கும் ஃபோன் பண்ணிட்டேன். ஒரு வீட்டுல அவரே எடுத்தாரு. என்ன சார் விஷயம்னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் அன்று மத்தியானமே முழுச் செய்தியைத் திரும்பப் போட்டுவிட்டாள். கொழுந்தன் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். சைட்டுக்காரர்களிடமே சந்தா கேட்டுப் பார்ப்போம் என்றான். கேட்டார்கள். ஒரு சங்கம் கொடுத்தது. மற்றவர்கள் அந்தச் சங்கத்து சைட்டிலிருந்து காப்பி அடித்துக்கொண்டார்கள். படிக்கிறவர்களிடம் சந்தா வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் பேர் கட்டவும் செய்தார்கள். "செத்துப்போறது இலவசம், தெரிஞ்சுக்கத்தான் காசா?" என்று புருஷன் கேட்டதிலிருந்து அவளுக்கே கேட்கக் கூச்சமாகிவிட்டது. செத்த வீட்டுக்காரர்களிடம் வாங்குவது என்ற பேச்சை மட்டும் அவள் எடுக்கவே விடவில்லை.

கடைசியில், செய்திக்குக் கீழேயே ஒரு விளம்பரம், செய்தி எங்கே போனாலும் விளம்பரமும் ஒட்டிக்கொண்டே போகும் என்று ஏற்பாடாயிற்று. பூக்கடை, பந்தல்காரர், வாடகை நாற்காலி என்று கொழுந்தன் கையால் பிடித்துவந்த வரைக்கும் ஒழுங்காக இருந்தது. பிறகு அதையும் மெஷினிடம் விட்டார்கள். மெஷின் செய்தியைப் படித்துப் பொருத்தமானதைத் தானே போடும் என்றான். போட்டது. ஏணியிலிருந்து விழுந்து இறந்த ஒரு பெயிண்டரின் செய்திக்குக் கீழே ஏணி விளம்பரம் வந்தது. பெயிண்டரின் மச்சான் ஃபோன் செய்தார். அவர் சத்தமே போடவில்லை.

"வழுக்காத ஏணின்னு போட்டிருக்கீங்களேம்மா. அதைப் போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் அந்த வீட்டுக்கு நேரே போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போதும்னு இருக்குங்க" என்றாள் புருஷனிடம்.

"விட்டுடு."

"விட்டா, சொல்லாம கொள்ளாம போடறவன் எவனாவது வந்து உக்காருவான்."

அதுதான் அவளைப் பிடித்து வைத்திருந்தது. வேறு ஒரு சுகமும் அந்த வேலையில் இல்லை. சோற்றில் கை வைத்தால் ஃபோன் வரும்; வலது கையை மடக்கிக்கொண்டு இடது கையால் எழுதுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் அவளைக் கண்டு சிலர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அழுகையைக் கேட்டுக் கேட்டு வலது காது அடைத்துவிட்டது என்று டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அடைப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி தேடி வந்தது. பல ஊர் ஃபீடுகளை வாங்கி, சேர்த்து, விளம்பரம் கட்டி விற்கிற கம்பெனி. அதன் மேனேஜர் ஒரு பெண், நன்றாகப் பேசுகிறவள். மாடி அறைக்கு வந்து, ஆடும் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்து விளக்கினாள்.

"சினிமா செய்தியைத் திறக்காம விடறவங்க இருக்காங்க மேடம். உங்க செய்தியைத் திறக்காதவங்களே கிடையாது."

"சினிமா நல்லா இல்லைன்னா பாக்காம இருந்துக்கலாம்" என்றார் புருஷன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

மேனேஜர் சிரித்தாள். இனிமேல் செய்தி வந்ததும் படிப்பவர்கள் ஃபோனில் மணி அடிக்கும், மேலே பெயர் வரும், தொட்டால் செய்தி, அடியில் விளம்பரம். மணிக்குத்தான் மதிப்பு, விளம்பரக்காரர்கள் மணிக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள் என்றாள். ஏணி மாதிரி எதுவும் வராமல் தனியாக ஆள் வைத்துப் பார்ப்பதாகவும் சொன்னாள். மாதாமாதம் ஒரு தொகை நிச்சயம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணும்மா" என்றாள் இவள். "எல்லாருக்கும் சொன்ன பிறகுதான் வெளியே போகணும்."

"எப்ப வெளியிடறதுங்கறது முழுக்க உங்க கையில மேடம்."

ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்கள். பல மாதங்கள் பிசகில்லாமல் நடந்தது. முழங்காலுக்கு நல்ல டாக்டரைப் பார்த்தார்கள், ஆடும் நாற்காலியை மாற்றினார்கள்.

அவளுடைய கைவழக்கம் ஒன்று உண்டு. துக்க வீட்டுக்காரர்கள் ஃபோனில் சொல்லும்போதே முழுச் செய்தியையும் எழுதிவிடுவாள். இன்னொரு தடவை அவர்களைக் கேட்டு நோகடிக்கக் கூடாது என்று. எழுதி முடித்ததும் அதற்கு நாளைத் தேதியைப் போட்டுவிடுவாள். நாளைத் தேதி போட்டால் அவள் பக்கத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாமல் படுத்திருக்கும். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டோம் என்று வீட்டிலிருந்து ஃபோன் வந்ததும் தேதியை இன்றைக்கு மாற்றுவாள். செய்தி எழுந்து வெளியே போகும். வீட்டார் தாமதித்தால் மறுநாளைக்கு இன்னொரு நாள் தள்ளுவாள். இதைத் 'தூங்கப் போடறது' என்று அவள் தனக்குள் வைத்துக்கொண்டாள். கொழுந்தனுக்கு இது தெரியாது. மறைத்தாள் என்றில்லை. உப்பை எந்த ஜாடியில் வைத்திருக்கிறேன் என்று யாராவது வேலை மெனக்கெட்டுச் சொல்வார்களா?

கொழுந்தன் ஒருநாள் படியேறி வந்தபோது அவள் யாரோ ஒரு கிழவரோடு ஃபோனில் இருந்தாள். கிழவர் மனைவியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கம்பெனியில ஒரு சின்ன மாத்தம் கேக்கறாங்க. முதல் மணின்னு புதுசா ஒண்ணு. நீங்க எழுதினதும் அவங்களே நேரா எடுத்துப்பாங்க. நீங்க ரெண்டு தடவை அழுத்த வேண்டாம். வேலை மிச்சம், கூட காசு. சரின்னு சொல்லிடவா?"

அவளுக்கு வலது காதில் கிழவர், இடது காதில் கொழுந்தன். 'வேலை மிச்சம்' என்பது மட்டும் காதில் நின்றது. தலையாட்டினாள்.

அதற்கடுத்து வந்த செய்திகளெல்லாம் ஆஸ்பத்திரியில் சொந்தங்கள் கூடி நிற்க நடந்த சாவுகள். யாருக்கும் சொல்லப் பாக்கி இல்லை, தூங்கப் போட அவசியமும் வரவில்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நாத்தனார் படுத்தாள்.

புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் மூத்தவள் இந்த அக்கா. தாய் இல்லாத இரண்டு தம்பிகளுக்கும் தலைவாரி விட்டு, பள்ளிக்கு அனுப்பி, தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டு வளர்த்தவள். சொல்லியாச்சாவுக்கு அவள் மாமியார் மாதிரி. ஆனால் மாமியார்த்தனம் இல்லாத மாமியார். தன் புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது ஒரே மகள்தான். மகளுக்கு வேறு ஊரில் வங்கி வேலை. மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, அம்மாவைப் பார்க்க மகள் பஸ் ஏறினாள். பஸ் வந்து சேரச் சாயங்காலமாகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு நாத்தனார் கண்ணை மூடிவிட்டாள்.

தம்பிகள் இருவரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றார்கள். பெரியவர்தான் முதலில் பேசினார்.

"பஸ்ல தனியா வருது. இப்பச் சொல்லக் கூடாது. நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போ. இறங்கினதும் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லு."

"அது நடுவுல ஃபோன் பண்ணுமேண்ணே."

"யாரும் எடுக்காதீங்க. நம்ம குரலைக் கேட்டாலே அதுக்குத் தெரிஞ்சுடும்."

கொழுந்தன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அவளும் புருஷனும் மாற்றுத் துணியும் அக்காவின் அடையாள அட்டையும் எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். புருஷன் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதை எடுக்க வந்தோம் என்று மறந்து நின்றார். அவளுக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து எழுதினாள். மகள் பெயர், பெரிய தம்பி, சின்னத் தம்பி, கடைசியாகத் தன் பெயர். நாத்தனாரின் படம் ஒன்றைத் தேடி வைத்தாள், ஒரு கல்யாணத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம். நாளைத் தேதியைப் போட்டாள்.

துணியை மடித்துப் பையில் வைக்கும்போது மேஜையில் இருந்த புருஷனின் ஃபோனில் மணி அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏய், இதென்ன, அக்கா இதுல வந்திருக்கு."

அவள் வாங்கிப் பார்த்தாள். நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே மெத்தை விளம்பரம், முதுகு வலி இல்லாத உறக்கம் என்று.

கொழுந்தனுக்கு அடித்தாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"நாளைத் தேதி போட்டிருந்தேன் தம்பி. எப்படிப் போச்சு?"

"தேதி என்ன அண்ணி தேதி? எழுதினதுமே எடுத்துப்பாங்க."

"நாளைத் தேதி போட்டா நாளைக்குத்தானே போகும். நான் அப்படித்தான் நிறுத்தி வெப்பேன்."

"நிறுத்தி வெப்பீங்களா? எனக்கு யாரு சொன்னா?"

"எழுதினதும் எடுப்பாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"



"நான் சொன்னேன் அண்ணி. நீங்க தலையாட்டினீங்க."

அவள் ஃபோனை வைத்தாள். கம்பெனிப் பெண்ணின் நம்பரைத் தேடினாள். அந்தப் பெண் எடுத்தாள், அனுதாபம் சொன்னாள், குரலில் அக்கறை இருந்தது.

"ஒரு செய்தியை மட்டும் எடுக்க ஒரு வேலை நாளாவது ஆகும் மேடம். மணி பகுதி பகுதியாத்தான் போகும். முதல் பகுதி போயிடுச்சு, அடுத்தது போய்க்கிட்டு இருக்கு."

"உடனே நிக்கணும்மா."

"உடனேன்னா, நீங்க ஃபீடையே மூடணும். அந்தச் சாவி உங்ககிட்டதான் இருக்கு. ஆனா மூடினா ஒப்பந்தம் அதோட முடிஞ்சுது மேடம். திரும்பத் திறந்தாலும் நாங்க எடுக்க மாட்டோம். மத்த சைட்டுக்கும் எதுவும் போகாது. யோசிச்சுக்குங்க."

கொழுந்தன் மறுபடி லைனில் வந்தான். "மூடாதீங்க அண்ணி. கொஞ்ச நேரம் பொறுங்க, பொண்ணு வந்து இறங்கிடும். அது தூங்கிக்கிட்டு வரும், ஃபோனைப் பாத்திருக்கவே செய்யாது. இத்தனை வருஷம் கட்டினதை ஒரு நிமிஷத்துல..."

"முதல் பகுதியில அது இல்லைன்னா இன்னும் தெரியாது தம்பி. அடுத்ததுல இருந்தா?"

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் ஃபோனை மேஜையில் மல்லாக்க வைத்தாள். பாஸ்வேர்டை அடித்தாள். ஃபீடை மூடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, நிச்சயமா என்று இன்னொரு தடவையும் கேட்டது. இரண்டுக்கும் ஆமாம் என்று அழுத்தினாள். புருஷனின் ஃபோனில் நாத்தனார் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது.

பையைப் புருஷனிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அவள் ஒரு வண்டி பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அவளுடைய ஃபோன் வழியெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் ஃபீட் வரவில்லையே என்று சைட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். இரண்டு பேருக்குப் பதில் சொன்னாள், பிறகு அணைத்துவிட்டாள்.

கொழுந்தன் டீக்கடை ஓரம் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. அக்காவுக்காகவா, ஃபீடுக்காகவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"மூடிட்டீங்க."

"மூடிட்டேன்."

"எப்படிச் சொல்றதுன்னே தெரியல அண்ணி. ஆயிரம் கடையில பேசி விளம்பரம் வாங்கியிருக்கேன், இதுக்கு வாய் வரல."

பஸ் வந்து நின்றது. நாத்தனார் மகள் கடைசியாக இறங்கினாள். கையில் ஃபோனைப் பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழுத முகமில்லை. அத்தையைப் பார்த்ததும் வேகமாக வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அத்தை, அது தப்பாப் போட்டதுதானே?"

கொழுந்தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான், மறுபடி மூடினான்.

"மணி அடிச்சுது. அம்மா படம். எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, என்னம்மான்னு கேட்டாங்க. ஃபோனைக் காட்டினேன். அவங்க படத்தைப் பெருசாப் பாக்கலாம்னு தொட்டாங்க, மெத்தைக் கடை திறந்துக்கிச்சு. திரும்பி வந்து பாத்தா அம்மா இல்ல. வெள்ளையா இருந்துச்சு. எத்தனை தடவை பாத்தாலும் இல்ல." அவள் மூச்சு வாங்கினாள். "அம்மாவுக்கு அடிச்சேன், எடுக்கல. பெரிய மாமா எடுக்கல. உங்க ரெண்டு பேரு லைனும் பிஸி. அப்புறம் அந்த அம்மாதான் சொன்னாங்க, தப்பா வந்திருக்கும்மா, அதான் எடுத்துட்டாங்கன்னு. நானும் அதேதான் நினைச்சேன். எங்க அத்தைதான் போடறாங்க, அவங்க யாருக்கும் சொல்லாம போடவே மாட்டாங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். அப்புறம் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு."

முதல் பகுதியில் அவள் எப்படி வந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. சந்தா கட்டுகிறவர்களுக்குத்தான் முதலில் மணி அடிக்குமாம். அத்தை எழுதுகிறாள் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லாமல் கொள்ளாமல் சந்தா கட்டி வந்தவள் அவள்.

பஸ்ஸெல்லாம் இரைந்துகொண்டிருந்தன. சொல்லியாச்சா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். இத்தனை வருஷமும் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அடுத்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான். தன் வாயால் அவள் யாருக்கும் சொன்னது கிடையாது. பெண்ணை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, அவளுடைய கையிலிருந்த ஃபோனை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"தப்பில்லம்மா. அம்மா இறந்துட்டாங்க. மத்தியானம். நாங்க மூணு பேரும் பக்கத்துல இருந்தோம். உன்னைக் கேட்டாங்க, வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினாங்க."

பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெண் ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமல், "நீங்க எடுக்காம விட்டிருக்கலாம் அத்தை. படிச்சதோட போயிருக்கும். இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வந்தது பாருங்க, அதுதான்" என்றாள். அத்தை அவள் பக்கத்தில் வந்து நின்றாள். துலக்கியதை வாங்கித் துடைத்து அடுக்கினாள். பெண் இப்போதும் விடுமுறைக்கு வருகிறாள், இரண்டு நாள் தங்குகிறாள். ஃபீட் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

கொழுந்தன் பல தடவை கேட்டுப் பார்த்தான். வேறு கம்பெனி பிடிக்கிறேன், மணி வேண்டாம், பழையபடி பூக்கடை விளம்பரம் மட்டும் வைத்துக்கொள்வோம் என்றான். அவள் சண்டை போடவில்லை, காரணமும் சொல்லவில்லை. முடியல தம்பி என்று மட்டும் சொன்னாள். சில வாரங்களில் அந்தக் கம்பெனியே வேறு யாரையோ வைத்து ஊர்ச் சாவுகளைப் போட ஆரம்பித்தது. மணி நன்றாகவே அடிக்கிறது. யாருக்குச் சொன்னார்கள், சொல்லவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கொழுந்தன் இப்போது லிஃப்டுகளுக்குள் விளம்பரம் ஒட்டுகிறான். அவள் கண்ணில் படும்போது அதைப் பற்றிப் பேசாமல், சாப்பிட்டீங்களா அண்ணி என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

கம்ப்யூட்டரைக் கீழே ரீவைண்டிங் கடைக்காரர் பில் போட வாங்கிக்கொண்டார். அவளுடைய வலது காது இன்னும் அடைத்தேதான் இருக்கிறது. அவள் இப்போது ஒரு பல் டாக்டரிடம், காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும், வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மேஜையில் வேலை பார்க்கிறாள்.